வலி போகட்டும், அப்புறம் தூங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்

நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "வலி போச்சுன்னா தூக்கம் தானா வந்துடும்." இதை நம்பி மாத்திரை, பெல்ட், ஊசி, ஒத்தடம் என்று வலியின் பின்னாலேயே வருடங்கள் ஓடிவிடும். வலி ஓரளவு தணிந்தாலும் தூக்கம் மட்டும் திரும்பாது. அது அவர்கள் தவறில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கமின்மை தனி நோயாகிவிடுகிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெடுகிறது, அது 3 மாதமாக நீடிக்கிறது, பகல் பொழுதையும் பாதிக்கிறது என்றால் அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாடு 2013இல் திருத்தப்பட்டபோது, தானாக வந்த தூக்கமின்மை, வேறு நோயால் வந்த தூக்கமின்மை என்ற பிரிவினையே கைவிடப்பட்டது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கத்துக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு உடல்வாகிலேயே லேசான தூக்கம், அது ஒன்று. தூக்கத்தை முதலில் கலைத்த சம்பவம் இரண்டாவது: டிஸ்க் விலகிய நாள், கீழே விழுந்த நாள். மூன்றாவதுதான் முக்கியமானது. கலைந்த தூக்கத்தைச் சரிக்கட்ட நாமாகச் செய்துகொண்ட ஏற்பாடுகள். ராத்திரி எட்டரைக்கே கட்டிலில் சாய்வது, விடிந்த பிறகும் "இன்னும் கொஞ்சம் கண்ணசந்தா போதும்" என்று கிடப்பது, பகலில் இடுப்பு கடுக்கும்போதெல்லாம் அதே கட்டிலில் போய் நீட்டுவது. வலிக்கு இதமாக இருக்கும் இவைதான் தூக்கத்தைக் கெடுத்து வைத்திருப்பவை. சிகிச்சை கை வைப்பதும் இந்த மூன்றாவது இடத்தில்தான்.

இந்தச் சிகிச்சைக்கு தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சிபிடி-ஐ. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, முதல் சிகிச்சையாக இதைத்தான் பரிந்துரைத்தது. வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஆகும். முதுகு, கழுத்து வலி உள்ளவர்களுக்கு இதை 8 வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. தூக்கம் நன்றாகவே தேறியது. வலியின் அளவு பெரிதாகக் குறையவில்லை. வலி அன்றாட வாழ்க்கையில் குறுக்கிடுவது குறைந்தது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது வலியைப் போக்கும் வைத்தியம் அல்ல. வலியோடு இருக்கிற ஒருவர் நன்றாகத் தூங்குவதற்கான வைத்தியம்.

இந்தச் சிகிச்சையின் முதல் கருவி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. இதைச் சொன்னால் வலிக்காரர்கள் பதறுவது நியாயமே. ஏற்கெனவே தூக்கம் இல்லை, இதில் இன்னும் குறைப்பதா? இதற்கு நல்ல பதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. ஆரோக்கியமான பெண்களில் ஒரு குழுவை இரவில் பலமுறை எழுப்பி எழுப்பித் தூங்கவிட்டார்கள். இன்னொரு குழுவுக்குத் தூங்கும் நேரத்தையே குறைத்தார்கள். ஆனால் கிடைத்த நேரத்தில் தொடர்ச்சியாகத் தூங்கவிட்டார்கள். இரண்டு குழுவும் தூங்கிய மொத்த நேரம் ஏறத்தாழ ஒன்றே. வலியை அடக்க உடம்புக்குள்ளேயே இருக்கும் பொறியமைப்பு, துண்டு துண்டாகத் தூங்கியவர்களிடம் பழுதானது. தொடர்ச்சியாகத் தூங்கியவர்களிடம் அப்படி ஆகவில்லை. ஆக, வலி உள்ளவருக்கு முதலில் தேவை நீண்ட தூக்கம் அல்ல, அறுபடாத தூக்கம். ஒன்பது மணி நேரம் புரண்டு பொறுக்கிச் சேர்க்கும் ஐந்தரை மணி நேரத்தைவிட, ஆறு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் தூங்கும் ஐந்தரை மணி நேரம் மேல்.

இனி செய்முறை. முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். 14 நாள் எழுத வேண்டும். ரொம்ப அவசரம் என்றால் 7 நாள். காலையில் எழுந்து பல் தேய்த்த பிறகு குத்துமதிப்பாக எழுதினால் போதும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது, இடையில் எத்தனை முறை விழித்தேன், மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், கடைசியாக எப்போது கண் விழித்தேன், எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தேன். பக்கத்தில் முந்தைய பகலில் எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்பதும், வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு என்பதும். ராத்திரியில் கடிகாரம் பார்த்து எழுதக் கூடாது. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மனம் கணக்குப் போட ஆரம்பித்து இன்னும் விழித்துக்கொள்ளும். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் கடிகாரமே வேண்டாம். அலாரம் மட்டும் காதில் விழுந்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் இரவு 9.30க்குப் படுத்துக் காலை 6.30க்கு எழுகிறார். படுக்கையில் 9 மணி நேரம், அதாவது 540 நிமிடம். டைரிப்படி அவர் சராசரியாகத் தூங்குவது 5 மணி 45 நிமிடம், 345 நிமிடம். 345ஐ 540ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 64 சதவீதம் வருகிறது. இதற்குத் தூக்கத் திறன் என்று பெயர். 85க்கு மேல் இருந்தால் நல்லது. இவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் விழித்தபடி, வலியைக் கவனித்தபடி கிடக்கிறார்.

எழும் நேரத்தை முதலில் ஆணி அடித்த மாதிரி நிறுத்த வேண்டும். இவருக்குக் காலை 5.30 என்று வைப்போம். ஞாயிற்றுக்கிழமையும் 5.30தான், தூங்காத இரவுக்கு மறுநாளும் 5.30தான். அடுத்து, தூங்கும் சராசரியான 5 மணி 45 நிமிடத்தோடு அரை மணி சேர்க்கிறோம், 6 மணி 15 நிமிடம் ஆகிறது. 5.30இலிருந்து பின்னோக்கி எண்ணினால் இரவு 11.15. அதற்கு முன் படுக்கை கிடையாது. கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. வலி உள்ளவர்களுக்கு அந்த அரை மணிச் சலுகை அவசியம் என்பது என் கருத்து. அவர்களுக்குப் படுத்து உடம்பைச் சரியான நிலைக்குக் கொண்டுவரவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்கு. 375 நிமிடம் படுத்து 330 நிமிடம் தூங்கியிருந்தால் திறன் 88. இப்போது 15 நிமிடம் பரிசு, படுக்கும் நேரம் 11.00. திறன் 80க்கும் 85க்கும் இடையில் என்றால் அதே நேரத்தில் இன்னொரு வாரம். 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். இப்படி வாரம் 15 நிமிடமாக ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நேரம் கூட்டினாலும் தூக்கம் கூடாது. உங்கள் உடம்பின் தேவை அவ்வளவுதான். எட்டு மணி நேரம் எல்லோருக்கும் பொதுவான சட்டம் அல்ல.

இது ஏன் வேலை செய்கிறது? பசி மாதிரிதான். சாயங்காலம் முழுக்க முறுக்கும் மிக்சரும் கொறித்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அதுதான் தூக்கப் பசி. எட்டரை மணி சீரியலுக்கு முன்னால் தலை சாய்ந்து இருபது நிமிடம் அசந்துபோனால், அன்றைய சேமிப்பில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். காபி அந்தப் பசியை மறைக்கிறது. குடித்த காபின் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியின் பாதி, இரவு 10க்கும் உள்ளே இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

இரண்டாவது கருவியை 1972இல் முன்வைத்தவர் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர். படுக்கை என்றாலே தூக்கம் என்று மூளைக்கு மறுபடி பழக்குவது. தூக்கம் கண்ணைச் செருகும்போது மட்டும் படுக்க வேண்டும்; படுத்துச் சுமார் 15, 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும்; மறுபடி கண் செருகும்போதுதான் திரும்ப வேண்டும். படுக்கையில் சாப்பாடு, போன், கணக்கு வழக்கு எதுவும் கூடாது. பாய் விரித்துப் படுத்து விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திய வீடுகளில் இந்தப் பழக்கம் தானாகவே இருந்தது. பகலில் படுக்கை என்ற ஒன்றே கண்ணில் படாது. கட்டில் வந்த பிறகு, அதுவே சோபா, அதுவே சாப்பாட்டு மேசை, வலி வந்தால் அதுவே ஆஸ்பத்திரி.

இந்த விதி முதுகுவலிக்காரர்களிடம் தோற்பது ஒரே இடத்தில்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திரிப்பது வலிக்கும். அதனால் எழுவதைப் பகலிலேயே பத்து முறை பழகிக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றுங்கள். தோளும் இடுப்பும் ஒரே கட்டையைப் போல, முறுக்கிக்கொள்ளாமல் ஒன்றாக ஒருக்களிக்கட்டும். கட்டிலின் விளிம்புக்கு வந்ததும் இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டபடியே, அடியில் இருக்கும் முழங்கையாலும் மேலே இருக்கும் உள்ளங்கையாலும் படுக்கையைத் தள்ளுங்கள். கால் இறங்கும் கனமே உடம்பை மேலே தூக்கும். உட்கார்ந்து அரை நிமிடம் மூச்சுவிட்ட பிறகு நில்லுங்கள். நேராக எழ முயல்வதுதான் பிடிப்பைக் கிளப்பும். தரையில் படுப்பவர்கள் ஒருக்களித்து, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்துப் பக்கத்தில் தயாராக இருக்கும் கனமான நாற்காலியைப் பிடித்து எழலாம்.

போய் உட்காரும் இடம் முன்னமே தயாராக இருக்க வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி, பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரம், இடுப்பின் வளைவில் சுருட்டிய துண்டு, மங்கலான விளக்கு, மூடி வைக்கக் கூடிய ஏதாவது ஒரு புத்தகம். அமுங்கிப் போகும் சோபா வேண்டாம். அதிலிருந்து எழுவது இன்னொரு சோதனை, அதில் தூங்கிவிடும் ஆபத்தும் உண்டு. உட்கார முடியாவிட்டால் ஹாலில் மெதுவாக நடக்கலாம், சுவரில் சாய்ந்து நிற்கலாம். எழவே முடியாத அளவு வலி, அல்லது விழுந்துவிடும் பயம் உள்ள வயதானவர்கள், படுக்கையிலேயே தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். கண் செருகியதும் தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கலாம். நிமிர்ந்தால் விழிப்பு, படுத்தால் தூக்கம் என்று உடம்புக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பகலில் வலிக்காக ஓய்வு எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் படுக்கையிலிருந்து பிரிக்கச் சொல்கிறேன். ஹாலில் பாய் விரித்து, மல்லாந்து, கெண்டைக்காலை ஒரு நாற்காலியின் மேல் வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்க 15 நிமிடம். அலாரம் வைத்து, கண் திறந்தபடி, ரேடியோ கேட்டபடி. மாலை 3 மணிக்குப் பிறகு வேண்டாம். வலி வந்த பிறகு படுப்பது என்றில்லாமல், முன்கூட்டியே குறித்த நேரத்தில் படுப்பது இன்னும் நல்லது. நல்ல நாளில் வீட்டையே ஒழித்துப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் அசையாமல் கிடப்பதுதான் தூக்கத்துக்கும் முதுகுக்கும் சேர்த்துக் கெடுதல். 25 நிமிடம் நின்றால் வலிக்கிறது என்றால் 20 நிமிடத்தில் நிறுத்தி, நிலையை மாற்றுங்கள். நன்றாக இருக்கும் நாளிலும் 20தான்.

படுக்கும் நிலை பற்றிச் சுருக்கமாக. ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. அது கணுக்கால் வரை நீள வேண்டும், பாதம் தொங்கினால் இடுப்பு முறுக்கும். மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் திண்டு. குப்புறப் படுத்தே பழகியவர்கள் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லிய தலையணை வைக்கலாம். "முதுகு வலியா, வெறும் தரையில படு" என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் செய்து 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தரமான இறுக்கம் உள்ள மெத்தைதான் வலிக்கு நல்லதாக இருந்தது. இலவம்பஞ்சு மெத்தை என்றால் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சைப் பிரித்து அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பொதுவாகச் சொல்லித்தரப்படும் விதம் முதுகுவலிக்காரர்களுக்கு அப்படியே ஆகாது. கை, தோள், முகம், தொடை என்று ஒவ்வொன்றாக 5 விநாடி பாதி வலுவில் இறுக்கி, 15 விநாடி தளர்த்துங்கள். இடுப்பையும் வயிற்றையும் இறுக்காமல், அங்கே மூச்சை மட்டும் அனுப்புங்கள். கால் விரலை நீட்டி இறுக்கினால் கெண்டைக்கால் சுளுக்கும். இதை முதல் இரண்டு வாரம் பகலில், நாற்காலியில் பழகிய பிறகே இரவுக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கம் வர வேண்டும் என்று செய்தால் அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடும்.

அடுத்தது மனம். "இன்னைக்குத் தூங்கலேன்னா நாளைக்கு இடுப்பு பிடிச்சுக்கும், வேலைக்குப் போக முடியாது." தூக்கம் கெடுவது வலியைக் கூட்டும் என்று மேலே நானே சொன்னேன். அது வாரக்கணக்கில் உண்மை. ஓர் இரவுக்கும் மறுநாளுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு இறுக்கமானது அல்ல. டைரியில் தூங்கிய நேரத்தையும் மறுநாள் வலி எண்ணையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதிப் பாருங்கள். நாலு மணி நேரம் தூங்கிய மறுநாள் வலி 4, ஆறரை மணி நேரம் தூங்கிய மறுநாள் வலி 6 என்று பொருந்தாத வரிகள் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். யார் சொல்வதையும்விட அந்த வரிகள் பயத்தைக் குறைக்கும். மற்ற கவலைகளுக்கு மாலை 6.30க்கு 15 நிமிடம் ஒதுக்கி, இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அடுத்து செய்யப்போகும் ஒரு காரியத்தையும் எழுதி நோட்டை மூடிவிடுங்கள்.

பெரும்பாலும் எங்கே உடைகிறது என்றால் முதல் இரண்டு வாரத்தில். பகலில் கண் எரியும், எரிச்சல் வரும், சில நாள் வலியும் கொஞ்சம் கூடினாற்போல் இருக்கும். இது எதிர்பார்த்ததே. இந்த நாட்களில் வண்டி ஓட்டும்போது கண் அசந்தால் ஓட்டவே கூடாது. இரவு 9க்கும் 11.15க்கும் இடைப்பட்ட நேரம்தான் மிகக் கடினம். அதற்கென்று வேலை வைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பது, மறுநாளுக்குக் காய் நறுக்குவது, மாடியில் பத்து நிமிடம் நடப்பது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "பாவம், படுத்துக்கோயேன்" என்ற அன்பான வார்த்தையால் குலைந்துபோகும் சிகிச்சை இது.

சிலர் இந்த முறையைத் தனியாகத் தொடங்கக் கூடாது. இருமுனை மனநோய், வலிப்பு நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், ஷிப்ட் வேலை செய்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்களும் அப்படித்தான். அவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் சோதனைதான் முதலில். முதியவர்களுக்கு நேரத்தை ஒரேயடியாக வெட்டாமல் வாரம் அரை மணியாகக் குறைக்கலாம்: 9 மணி, எட்டரை, 8 என்று. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்தப் பழக்கங்கள் நிலைத்த பிறகு, எழுதிக்கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்கட்டும். வலி மாத்திரையின் நேரத்தையும் கேளுங்கள். பாராசிட்டமால் வேலை செய்வது 4 முதல் 6 மணி நேரம்தான். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இடுப்புக்குக் கீழே, உட்காரும் பகுதியில் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, கால் திடீரென்று பலவீனமாவது என்றால் தூக்க டைரியை மூடிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தாமதிக்காதீர்கள். இளம் வயதில் தொடங்கிய வலி, பின்னிரவில் எழுப்பிவிட்டு, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்து, நடந்தால் குறைகிறது என்றால் அது முதுகெலும்பின் அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மூட்டுவாத மருத்துவர் வேண்டும்.

தூக்கம் தேறிய பிறகும் வலி ஏறும் நாட்கள் வரும். அதற்கான திட்டத்தை இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழும் நேரம் மாறாது. படுக்கும் நேரத்தை மூன்று இரவுகளுக்கு மட்டும் அரை மணி முன்னே கொண்டுவரலாம். பகல் ஓய்வு வழக்கமாக இரண்டு முறை என்றால் இப்போது மூன்று முறை, ஒவ்வொன்றும் 15 நிமிடம், ஹாலில், பாயில். நான்காவது இரவு பழைய நேரம். அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். வலி இருக்கும்போது நாள் கணக்கு தவறிவிடும்.